குளிப்பாட்டிய தண்ணீர்

அறிவியல் படித்த எல்லோரும் ஊசி பிடிக்க வேண்டியதில்லை என்று, கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால் நான் சொல்வதுண்டு. பத்திரிகையில் எழுதலாம், பாடநூல் எழுதலாம், மருந்துச் சோதனை அறிக்கைகள் எழுதலாம். மூன்றையும் செய்தவள் நான், ஐயா. பத்திரிகையை மூடிவிட்டார்கள். பாடநூல் அலுவலகம் ஆளைக் குறைத்தது. பிறகு இரண்டு வருடம் கம்பாலாவில் நான் ஏறி இறங்காத படியில்லை. நாற்பத்திரண்டு வயதில் மூன்றாவது வேலை கிடைத்தபோது, அது கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

குழந்தைகளுக்கான மலேரியா மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஏதாவது குழந்தைக்கு உடம்பு மோசமானால், என்ன நடந்தது என்று நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். மசாக்கா பக்கம் செமாகுலா என்ற இரண்டு வயதுப் பையன் கண் மஞ்சளாகி இறந்துபோனான். அவனுக்கு முன் மஞ்சளான இருவர் பிழைத்துக்கொண்டார்கள்.

மேலாளர் முகேர்வா என் மேசைக்கு வந்தார்.

"ரெஸ்டி, இதுவும் மருந்தாலதான்னு போச்சுன்னா சோதனைய நிறுத்திடுவாங்க. அப்புறம் நீயும் நானும் சந்தையில தக்காளிதான் விக்கணும். அந்தம்மாகிட்ட நல்லா விசாரிச்சுப் பாரு."

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதை உங்கள் விசாரணைக் குறிப்பில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாயின் பெயர் நபுகீரா. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வீட்டுல ஏதாவது இலை, வேர்னு குடுத்தீங்களாம்மா?"

"இல்லம்மா. நீங்க குடுத்த மருந்து மட்டுந்தான்."

"நல்லா யோசிங்க."

"குடுக்கல. பொறந்ததுலேர்ந்து இலை போட்ட தண்ணியில குளிப்பாட்டுவேன். எல்லாரும் செய்றதுதானே."

"குளிக்கிறப்ப வாயத் திறப்பானா?"

"சிரிப்பான்," என்றாள். "தண்ணி ஊத்தினா வாயத் திறந்து சிரிப்பான்."

'மூலிகைச் சாறு வாய்வழியே உட்சென்றுள்ளது. மரணத்துக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை' என்று எழுதினேன். இரத்தப் பரிசோதனைத் தாள் என் முன்னால்தான் இருந்தது. மருந்துக்கு முன் பையனின் ஈரல் நன்றாக இருந்தது. இரண்டாம் வேளைக்குப் பின் கெட்டிருந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கும் அப்படித்தான். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். சோதனை மேலும் ஏழு மாதம் நடந்தது. இன்னும் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஐந்து பக்கங்களையும் நான்தான் எழுதினேன். ஐந்து தாய்மாரிடமும் நான்தான் விசாரித்தேன்.

நபுகீராவுக்கு அறிக்கையை மருத்துவமனையில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் வழக்கப்படி முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள்.

"புள்ளையக் கொன்னவள்னு என் வீட்டுக்காரர் தொரத்திட்டாரும்மா. அது போகட்டும். எந்த இலைன்னு மட்டும் சொல்லுங்க. மத்த பொம்பளைங்ககிட்டயாவது சொல்லி வைக்கிறேன்."

மடியிலிருந்த துணியை அவிழ்த்து, ஆறு விதமான இலைகளை என் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றையும் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

நான் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் எனக்கு நன்றி சொன்னாள், ஐயா. பாவம், அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அதையாவது என்னால் கொடுக்க முடிந்ததே.