பையில் வந்த மிளகுக்கொடி

அந்தக் கதவைத் தட்டலாமா, கூடாதா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

கரமனை போகும் பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் பையிலிருந்து, வேரில் ஈரமண் ஒட்டிய மிளகுக்கொடி ஒன்று எட்டிப் பார்த்தது.

"போனக்காடு மலையில எங்க மிளகுக்கொடியெல்லாம் போச்சுக்கா. முதல்ல இலையில கறுத்த புள்ளி. ஒரே வாரத்துல அத்தனையும் உதிர்ந்து வெறும் கயிறு."

"ஐயோ! அப்ப இது எங்கேந்து?"

"அங்கேந்துதான். இது ஒண்ணுதான் பச்சையா நின்னுது. சாகறதுக்கு முன்ன வேரோட பறிச்சிட்டேன். தங்கச்சி வீட்டுல நட்டா பிழைக்குமில்லே?"

மூத்தவள் அவள் கையைப் பிடித்தாள். "எடீ, பூசணம் மண்ணுலல்லே இருக்கு! மழைத்தண்ணியில பரவும்னு விவசாய ஆபீஸ் கிருஷிபவன் சார் சொன்னாரே."

"சாருக்கென்ன, கடையில மிளகு வாங்குறவரு."

"பிள்ளைங்க ஸ்கூல் பீஸெல்லாம் உன் தங்கச்சிக்கு அவ வீட்டுல நிக்கற பத்துக் கொடியிலதானடீ!"

"அதான் பதினொண்ணாவது கொண்டுபோறேன்."

மூத்தவள் அவள் கையை விட்டுவிட்டாள்.

என் நிறுத்தத்திலேயே இளையவள் இறங்கினாள். எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குள் போனாள். "அக்கா வந்தாச்சு!" என்று உள்ளே ஒரே சிரிப்பு.

இந்நேரம் நட்டிருப்பார்கள். மழையும் விடவில்லை. எனக்கு அந்த வீட்டில் பழக்கமில்லை. அக்கா ஆசையாய்க் கொண்டுவந்ததைப் பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன சொல்லித் தொடங்குவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.