ஒரு முறை கொதித்தால் போதும்

எனக்குக் காளானே பிடிக்காது. வாயில் வைத்தால் வழவழவென்று இருக்கும். ஆனால் எங்கள் குவோப்பியோவில் மே மாதம் பிறந்துவிட்டால் ஊரே கூடையும் கையுமாகக் காட்டுக்குள் போய்விடும், காதுக்காளான் பறிக்க. விஷம் என்று தெரிந்துதான் பறிப்பார்கள். நிறையத் தண்ணீரில் இரண்டு முறை கொதிக்கவைத்து, இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் சமைப்பார்கள்.

இணையப் பக்கங்களைத் தேடலில் மேலே ஏற்றுவது என் தொழில். ஒரு பக்கம் மேலே வர எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. மற்ற தளங்கள் அதற்குக் கொடுக்கும் இணைப்புகளை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கு. இர்மேலி வஸ்கெலைனன் என்ற ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளரின் காளான் பக்கத்துக்கு ஐம்பத்திரண்டு. பள்ளி, நூலகம் எல்லாம் அதைத்தான் காட்டின. என் வாடிக்கையாளரான பாத்திரக் கடையின் சமையல் பக்கத்துக்குப் பத்தொன்பது.

அந்தப் பள்ளி, நூலகத்துக்கெல்லாம் பணிவாக எழுதினேன்: அம்மையாரின் பக்கம் கைவிடப்பட்டது, இதோ புதியது. இணைப்பை மாற்றிக்கொண்டார்கள். நன்றி சொன்னவர்களும் உண்டு. ஏப்ரல் கடைசியில் அவருக்குப் பதினாறு, எங்களுக்கு நாற்பத்தேழு.

பக்கம் நீளமானால் ஆட்கள் பாதியில் ஓடிவிடுகிறார்கள். அதனால் இரண்டாவது கொதியை வெட்டினேன். கவனக்குறைவு என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அது என் வேலைக்கு அவமானம். யோசித்துத்தான் வெட்டினேன்.

அம்மையார் அலுவலகத்துக்கே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்ப்பா, அந்தக் காளானை நீ தின்பியா?"

"எனக்குப் பிடிக்காதுங்க."

"ஊரான் வயித்துல மட்டும் கொட்டுவியா? ரெண்டாவது தடவை கொதிக்க வைக்கணும்னு ஒரே ஒரு வரி. எழுதினா கை ஒடிஞ்சிடுமா?"

"சீசன் முடியட்டும், சேர்த்துடறேன்."

"சீசன் முடிஞ்சா எவன்டா காளான் திங்கப்போறான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. முப்பது வருஷமாக எல்லோரும் தன் பேச்சைக் கேட்டுப் பழகிவிட்ட திமிர். கதவைத் திறந்து வழியைக் காட்டினேன்.

பத்து நாள் கழித்து ஆர்வோ, ரைலி என்ற தம்பதி எங்கள் பக்கத்தைப் பார்த்துச் சமைத்தார்கள். ரைலி பிழைத்துக்கொண்டார். ஆர்வோவுக்குக் கல்லீரல் போய்விட்டது. நான்காம் நாள் இறந்தார்.

நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், அந்த வரியை இன்னும் சேர்க்கவில்லை. சாவுக்குப் பிறகு பத்திரிகைகள் எல்லாம் எங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன, மதிப்பெண் எழுபத்தொன்று. இப்போது போய்க் கைவைத்தால் இறங்கினாலும் இறங்கிவிடும். என் இடத்தில் யார் இருந்தாலும் சீசன் முடியும்வரை பொறுத்துத்தான் இருப்பார்கள்.