ஏறி இறங்கும் எண்

உட்காருங்கள். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், ஆனால் இதுவரை யாரையும் கீழே தள்ளியதில்லை. டீ போடட்டுமா? வேண்டாமா, சரி. செத்துப்போன அப்பாவின் வீட்டைக் காலி பண்ண வந்த பெண், வாசலில் ஒரு கர்ட்டன் கடைப் பலகையில் அப்பாவின் போன் நம்பரைப் பார்த்தால் மேலே ஏறி வந்து கேட்கத்தான் செய்வாள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். நியாயமான கேள்விக்கு நியாயமாகவே பதில் சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன வியாபாரம்தான். என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து கம்பி மாட்டுவார். நான் இந்த அறையில் உட்கார்ந்து தைப்பேன். கடைக்கு 'ஜன்னல் அழகு' என்று நான்தான் பெயர் வைத்தேன். பெயர் நன்றாக அமைந்துவிட்டது, நம்பர்தான் அமையவில்லை. எங்கள் பழைய நம்பரில் ஊர்க் குறியீடு முன்னால் நிற்கும். அடுத்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்ததுமே, 'இவங்க அந்த ஊரு, இவ்வளவு தூரம் எங்க வரப் போறாங்க' என்று கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர் சொன்னார், எந்த ஊரையும் சேராத நம்பர் என்று ஒன்று இருக்கிறதாம். எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரே கட்டணம், நாம் சொல்கிற போனில் அடிக்கும், வீடு மாறினால் அதுவும் நம் கூடவே வரும். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ஒரு கர்ட்டனைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன், பூவெல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளே போன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பி, காலியாக உள்ள நம்பர்களைக் காட்டினாள். என் வீட்டுக்காரர் முதலில் இருந்ததையே விரலால் தொட்டுவிட்டார்.

"இதுவே போதும். எந்த நம்பரா இருந்தாலும் அடிக்கிற சத்தம் ஒண்ணுதானே."

"உங்களுக்குப் பேர் வெச்சப்பவும் இப்படித்தான் வெச்சாங்களோ" என்றேன். கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நம்பர் என்றால் ஒரு தடவை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்று, நாலு, ஐந்து, ஐந்து, நாலு, மூன்று என்று முடிகிற மாதிரி கிடைக்குமா என்று கேட்டேன். மாடிப்படி ஏறி இறங்குகிற மாதிரி, சொல்லும்போதே சிரிப்பு வருகிறதல்லவா? அவள் தட்டிப் பார்த்தாள். "இருக்குக்கா. ஆனா ஏற்கனவே ஒருத்தர்கிட்ட இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. யார் அந்த அதிர்ஷ்டசாலி என்று தெரிந்துகொள்ளலாமே என்று, இதோ இந்தப் போனிலிருந்து கூப்பிட்டேன். அடித்தது. எங்கே தெரியுமா? என் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில். உங்கள் அப்பா வீட்டில். எனக்கு வந்த சிரிப்பில் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எடுத்து, "கிரேன் சர்வீஸ்" என்றார். பழுதான கார்களை இழுத்துக்கொண்டு போகும் தொழிலை அவர் விட்டு எத்தனையோ காலமாகியிருந்தது, ஆனாலும் போனை எடுத்தால் அப்படித்தான் சொல்வார். அதனால்தான் இந்தக் கட்டிடமே அவரைக் கிரேன் மாமா என்றது.

உடனே கீழே ஓடிப்போய்க் கேட்டேன். தொழில்தான் இல்லையே, அந்த நம்பரை எனக்குத் தரக்கூடாதா என்று நேராகவே கேட்டேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

"வேற எது வேணாலும் கேளு பாப்பா" என்றார். "என் பொண்ணு சண்டை போட்டுட்டுப் போனா. அவளுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான். நான் மூணு வீடு மாறிட்டேன், இது மட்டும் கூடவே வருது. எப்பவாவது கூப்பிடுவா. பேச மாட்டா, மூச்சு மட்டும் கேக்கும். நான் 'சாப்பிட்டியா'ன்னு கேப்பேன். வெச்சுடுவா."

அவர் தர மறுத்ததில் எனக்குக் கோபம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பிறகும் தினமும் இறங்கிப் போய் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தது நான்தான். முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான்.

ஆனால் நம்பர் என் தலைக்குள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கவுண்டர் பெண்ணிடம் மறுபடியும் போனேன். அவள் ஒரு விதியைச் சொன்னாள். ஆறு மாதம் அந்த நம்பருக்கு வந்த ஒரு அழைப்பைக்கூட யாரும் எடுத்துப் பேசவில்லை என்றால், கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காத்திருப்போரில் முதல் ஆளுக்குக் கொடுத்துவிடும். "நீங்கதான்கா முதல் ஆள்" என்றாள். கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ய வேண்டியதில்லை பாருங்கள். ஒரு போன் அடிக்காமல் இருந்தால் போதும்.

அவரைக் கூப்பிடுகிறவர்களே சொற்பம். அவரிடம் முன்பு வேலை பார்த்த டிரைவர் அண்ணன் ஞாயிறுதோறும் கூப்பிடுவார். அவரிடம், "மாமாவுக்கு உட்கார்ந்து எழுந்து போன் எடுக்கக் கஷ்டமா இருக்கு, என் செல்லுக்குப் போடுங்க, நான் கொண்டுபோய்க் கொடுக்குறேன்" என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். நேரம் இருந்தபோதெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண் ஆஸ்பத்திரியிலிருந்து நாள் குறித்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். அங்கேயும் என் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது பழைய ஸ்டிக்கர்கள்தான். பெட்ரோல் பங்க் சுவர், டயர் கடைக் கதவு, மேம்பாலத்துத் தூண் என்று எங்கெங்கோ 'கிரேன் சர்வீஸ்' ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரரிடம், மாமாவை நேரங்கெட்ட நேரத்தில் யாரோ தொல்லை பண்ணுகிறார்கள் என்றேன். அவர் பாவம், நம்பிவிட்டார். இருவரும் வாளியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். டயர் கடைக்காரர், "என்னம்மா, சுவருக்கு முகச்சவரமா?" என்று கேட்க, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி ஊர் சுற்றியதில்லை. எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

போன் அடங்கிவிட்டது. அவர்தான் அடங்கவில்லை. நான் டீயோடு போகும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"போன் நல்லாத்தான் இருக்கா பாப்பா? கொஞ்சம் எடுத்துப் பாரேன்."

நானும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன். "டோன் வருது மாமா, நல்லாத்தான் இருக்கு" என்பேன். அதில் பொய் ஏதாவது உண்டா? டோன் வந்தது. போனில் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒருநாள், நீங்கள் வந்தால் தங்குவதற்கு என்று அந்தச் சின்ன அறைக்குக் கர்ட்டன் தைக்கச் சொன்னார். உங்களுக்கு மஞ்சள் பிடிக்குமாமே. துணியைப் பிரித்துக் காட்டியபோது, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது. கீழே பார்த்திருப்பீர்கள், அந்த மஞ்சள் கர்ட்டன் என் கைவேலை. அதற்கு நான் ஒரு பைசா வாங்கவில்லை.

அதை மாட்டுவதற்கு அளவு எடுக்கப் போன அன்றுதான் அது நடந்தது. ஆறாவது மாதம் முடியப் போகிறது. நான் நாற்காலி மேல் ஏறி நிற்கிறேன், அவர் குளித்துக்கொண்டிருக்கிறார், போன் அடிக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடிக்க விட்டால் அவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து எடுத்துவிடுவார். நான் எடுத்தால், பேசிய கணக்கில் சேர்ந்து, ஆறு மாதம் மறுபடியும் முதலிலிருந்து. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் எனக்குத்தான். சரி, இந்த ஒரு தடவை எடுத்து, இனிமேல் அடிக்காதபடி செய்துவிடலாம் என்று எடுத்தேன்.

ஆமாம். நீங்கள்தான்.

அத்தனை வருடம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தீர்கள். "அப்பா" என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் நான் பல நாளாகக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த குரல், தானாகவே வந்துவிட்டது. "வணக்கம், ஜன்னல் அழகு. உங்களுக்கு ஜன்னலுக்கா, கதவுக்கா?" என்றேன். அந்த நம்பரில் நான் முதன்முதலாகப் பேசியது உங்களிடம்தான். எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா, அந்தப் பெயரும் அந்த நம்பரும்.

நீங்கள், "இது கிரேன் சர்வீஸ் நம்பர் இல்லையா?" என்றீர்கள். "அந்தப் பெரியவர் நம்பரை விட்டுட்டாராம்மா, இப்ப எங்ககிட்ட இருக்கு" என்றேன். "அவர் எங்க இருக்கார்னு தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்குமோ என்று எனக்கு ஒரே பயம். கேட்டதா?

இல்லையா. நல்லது.

அவர் துண்டைக் கட்டிக்கொண்டு ஈரக் காலோடு வந்தார். "போன் அடிச்சுதே, யாரு பாப்பா?" என்றார். "ராங் நம்பர் மாமா. கர்ட்டன் கடையான்னு கேட்டாங்க" என்றேன். "உன்னைத்தான் தேடியிருப்பாங்க" என்று அவரும் சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் இன்னொரு ஆறு மாதம் காத்திருந்தேன். அதை யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு அறிவிப்பு தபாலில் வந்தது. முட்டி வலியோடு படியிறங்க முடியாதென்று அவருடைய தபாலை எடுத்துத் தருவது நான்தான். வயதானவர் மனசை எதற்கு அலைக்கழிப்பது என்று அதைக் கொடுக்கவில்லை. நம்பர் எனக்கு வந்தது. பலகை எழுதி மாட்டினோம். அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்பதால் பலகை அவரை உறுத்தவும் இல்லை.

நம்பர் வந்த மறுநாள் காலை முதல் அழைப்பு. துள்ளி எழுந்து, "வணக்கம், ஜன்னல் அழகு" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல். போனிலும் கேட்டது, தரைக்கு அடியிலிருந்தும் கேட்டது. நம்பர் கைமாறினாலும் அவர் வீட்டு லைன் அப்படியேதான் இருந்தது; தன் போன் அடிக்கிறதா என்று பார்க்க, அதிலிருந்து தன் நம்பருக்கே போட்டிருக்கிறார் மனுஷன்.

"இந்த நம்பர் இப்ப உங்ககிட்டயா இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன், வியாபாரக் குரலில்தான். "என் பொண்ணு இதுல கூப்பிடுவா. பேச மாட்டா. நீங்களே சொல்லிடுங்க. கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு, அப்பா அவளுக்காக ரூம் தயாரா வெச்சிருக்கார்னு சொல்லிடுங்க" என்றார்.

"கண்டிப்பா சொல்லிடுறேன் சார்" என்றேன்.

"சரி பாப்பா" என்று வைத்துவிட்டார்.

அவர் யாரையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார் போலிருக்கிறது. என் வியாபாரக் குரலை என் வீட்டுக்காரரே கண்டுபிடிப்பதில்லை, அவர் எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்? அதற்குப் பிறகு நான் டீ கொண்டுபோனால் கதவைத் திறக்கவில்லை. வயதானால் அப்படித்தான், யாரையும் பிடிக்காமல் போய்விடும். கொஞ்ச நாளில் கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். அந்தச் சின்ன அறையில், மஞ்சள் கர்ட்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், போனை மடியில் வைத்துக்கொண்டு. டிரைவர் அண்ணன் உங்களை எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. நீங்கள் கூப்பிடுவீர்கள், கூப்பிடுவீர்கள் என்று எத்தனை நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

உங்கள் அப்பாவுக்குக் கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். உங்களுக்காக அறை தயாராக இருக்கிறதாம். சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கை நான் மீறுவதே இல்லை.