லிஃப்ட் கீழே இறங்குகிறது

— மெதுவா பேசுங்க, இப்பதான் தூங்கறான். நான் வேலை முடிஞ்சு ஓடி வர்றதுக்குள்ள அந்தம்மா உள்ள வந்து புள்ளையை மயக்கிட்டாங்க, நீங்க கையைக் கட்டிட்டு வேடிக்கை பாத்தீங்க. அவ்வளவுதானே நடந்தது?

— மயக்கல தாயே, கதை சொன்னாங்க. முதுகுல ஊசி போடற நேரத்துல புள்ளைக்குக் கதை சொல்ல ஒரு ஆளு. அதுக்கு ஒரு படிப்பு வேற இருக்காம். நாமதான் வீணாப்போன படிப்பெல்லாம் படிச்சுட்டோம்.

— உங்க படிப்பை இப்ப யாரு கேட்டா. போன தடவை சோப்புக்குமிழி ஊதிட்டு வந்தாங்களே, அவங்களா?

— அவங்களேதான், நம்ம சோப்பு டாக்டர். இந்தத் தடவை குமிழி பாட்டிலை எடுத்ததும் உன் புள்ளை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். ‘ஆன்ட்டி, நான் ரெண்டாங்கிளாஸ் முடிச்சுட்டேன், இதெல்லாம் குழந்தைங்களுக்கு’ன்னான்.

— வாய் அப்படியே அப்பன் வாய்.

— அவங்க கோவிச்சுக்கல. சரிங்க பெரியவரே, உங்களுக்குப் பிடிச்ச இடம் எதுன்னு கேட்டாங்க. மத்த புள்ளைங்க கடலு, மலை, பூந்தோட்டம்னு சொல்லும்போல. நம்ம ஆளு லிஃப்டுன்னான்.

— லிஃப்ட் மெக்கானிக் புள்ளை வேற என்ன சொல்லும்.

— அங்க பிடிச்சுது எனக்குச் சனி. கண்ணை மூடிக்கோ, நீ பத்தாவது மாடியில இருக்கே, லிஃப்ட் இறங்குது, ஒவ்வொரு மாடிக்கும் வலி கொஞ்சம் கொஞ்சமா குறையும்னாங்க. நான் சும்மா இருக்காம, அம்மா, லிஃப்ட் ஆளைத்தான் இறக்கும், வலியை இறக்காது, நான் வருஷக்கணக்கா அதுலதான் தொங்கிட்டிருக்கேன்னு சொல்லிட்டேன்.

— ஊசி போடற ரூம்லயும் வாதம். நல்லாத்தான் இருக்கு. டாக்டர் என்ன சொன்னார்?

— அவரா? என்னைப் பாத்த பார்வையில, அடுத்த ஊசி எனக்குத்தானோன்னு தோணுச்சு.

— அது கிடக்கட்டும், மரத்துப்போக மருந்து போட்டாங்கல்ல? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?

— அதையும் அந்தம்மாகிட்ட கேட்டேன். தோல் மரத்துப்போகும், பயம் மரத்துப்போகாதுன்னாங்க. பயந்தா உடம்பு விறைக்குமாம், விறைச்சா வலி கூடுமாம். மருந்துக்குப் பதிலா நான் வரல சார், மருந்துக்குத் துணையா வந்திருக்கேன்னாங்க. அதுக்கு மேல வாயைத் திறக்க முடியல.

— நீங்களா? நம்பிட்டேன்.

— உன் புள்ளை விட்டாத்தானே. ரெண்டு மாடி இறங்கறதுக்குள்ள கண்ணைத் திறந்துட்டான். ‘ஆன்ட்டி, உங்க லிஃப்டுல சத்தமே வரல. இது டம்மி லிஃப்டு. அப்பாவை ஓட்டச் சொல்லுங்க’ன்னான்.

— ஓட்டினீங்களா?

— வேற வழி? நர்சுங்க சுத்தி நிக்கறாங்க. சுவத்துல வரைஞ்ச ஒட்டகச்சிவிங்கி வேற என்னையே பாக்குது. ஸ்பேனர் பிடிச்ச ஆளு, குரலை மாத்திக்கிட்டு ‘கதவு மூடுகிறது, எட்டாவது மாடி’ன்னு அறிவிப்பு கொடுக்கறேன். மோட்டார் உறுமற சத்தம், கதவு வந்து இடிக்கற சத்தம், எல்லாம் என் வாயாலயே.

— கட்டிக்கிட்ட நாளா, குழம்பு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை அந்த வாயிலேருந்து வந்ததில்ல. இங்க வந்து மோட்டாராவே ஆயிட்டீங்களாக்கும்.

— சிரிக்காம கேளு. அஞ்சாவது மாடியில ஊசி உள்ள போச்சு. அதைப் பாத்ததும் எனக்குக் குரல் நடுங்கிடுச்சு. அவன் கண்ணைத் திறக்காமலே, ‘அப்பா, லிஃப்டு ஆடுது, சர்வீஸ் பண்ணு’ன்னான்.

— அழலையா?

— போன தடவை என் கையில நகத்தைப் பதிச்சு ரத்தம் வர வெச்சானே. இன்னைக்கு அந்த விரலெல்லாம் தளர்ந்து கிடந்துச்சு. வலிக்கலைன்னு சொல்லல. ‘வலி மேலயே நின்னுடுச்சு, நான் கீழ வந்துட்டேன்’னான்.

— என் தங்கம்.

— முடிஞ்சதும் சோப்பு டாக்டர் என்கிட்ட வந்து, நாளைக்கு என் வேலைக்கு நீங்களே வந்துடுங்க சார்னு கிண்டல் பண்ணாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல.

— அது சரி, லிஃப்டு கடைசியில எங்கயாவது போய் நிக்கணுமே. கீழ என்ன இருந்துச்சாம்?

— அதை விடு.

— இவ்வளவு சொல்லிட்டு அதை மட்டும் ஏன் முழுங்கறீங்க?

— கதவு திறந்தாச்சு, வெளிய யாரு நிக்கறாங்கன்னு அவங்க கேட்டாங்க. ‘அம்மா நிக்கறாங்க. இன்னைக்கு வேலைக்குப் போகல’ன்னான்.

— சரி.

— அதான் விடுன்னேன்.

— இல்ல, சரியாத்தான் சொல்லியிருக்கான். நான் ஒருத்தி காலர் தைக்கலேன்னா ஊர்ல எல்லாரும் சட்டையில்லாம நிப்பாங்க பாருங்க, அதான் விழுந்தடிச்சு ஓடினேன்.

— உன்னை யாரும் குத்தம் சொல்லல.

— சொன்னாத்தானா. அடுத்த ஊசிக்கு லீவு போட்டுட்டு வர்றேன். நீங்க மோட்டாரா இருங்க, நான் கீழ நிஜமாவே நிக்கறேன். ஊசி முடிஞ்சு டாக்டர் கூப்பிட்டுப் பேசினார்னு போன்ல சொன்னீங்களே, அடுத்தது எப்பவாம்?

— நாளையிலேருந்தே லீவு போட்டுடு. இனிமே ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லையாம். வலி தெரியாம பாத்துக்கறது மட்டும்தானாம்.