ஒண்ணாம் பல்லுக்கு நேரா

மகன்: ...தையல் போட்ட இடத்துல கை வைக்காதன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

அம்மா: கை வைக்கலடா. அரிக்குது, லேசா தட்டினேன்.

மகன்: புருவத்துல அஞ்சு தையல்மா. அரை அங்குலம் கீழ இறங்கியிருந்தா கண்ணு போயிருக்கும்.

அம்மா: முகத்துக்குக் கவசம் போட்டிருந்தேன், அதனால கண்ணு இருக்கு. கவசம் உடைஞ்சு அதோட விளிம்புதான் கீறிச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல முப்பத்தோரு வருஷம் நர்ஸா நின்னவகிட்ட வந்து அஞ்சு தையலைப் பத்திக் கதை சொல்றியா?

மகன்: சரி, இப்ப எதுக்கு மறுபடியும் இந்த மரம் கடையற ஷெட்டுல வந்து உக்காந்திருக்க? திங்கக்கிழமை அடிபட்டுது. இன்னிக்கு வியாழக்கிழமை. மூணு நாள் பொறுக்க முடியலையா?

அம்மா: லேத்தை ஓட விடலையே. கிண்ணத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கிட்டிருக்கேன். கையாலதான். அதுக்கும் உன்கிட்ட லீவ் லெட்டர் எழுதிக் குடுக்கணுமா?

மகன்: பேச்சை மாத்தாத. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வண்டி வருது. லேத்தை ஏத்தி அனுப்பப் போறேன்.

அம்மா: வரட்டும்.

மகன்: ...என்னது?

அம்மா: வண்டி வரட்டும்னேன்.

மகன்: நேத்து காலைல வரைக்கும் என் பொணத்து மேலதான் இது போகும்னு குதிச்ச?

அம்மா: குதிச்சேன். இப்ப வண்டி வரட்டும்னு சொல்றேன். ஆனா நான் கடையறதை விட்டுட்டேன்னு சொல்லல. அது வேற, இது வேற.

மகன்: லேத்தே போனப்புறம் எதுல கடைவ? கிரைண்டர்லயா?

அம்மா: அது என் பாடு. உனக்கென்ன?

மகன்: எனக்கென்னவா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத் தூக்கிட்டு ஓடப் போறது நான்தானே. அறுபத்து நாலு வயசாச்சும்மா. இந்த வயசுல எல்லாரும் எப்படி இருக்காங்க, சாயங்காலம் நாலு தெரு நடக்கறாங்க, டிவி பாக்கறாங்க...

அம்மா: நடந்துட்டு வந்து மூட்டு வலின்னு பொலம்பறாங்க. எனக்கு மூட்டு வலி இல்ல. பொலம்பலும் இல்ல.

மகன்: ஞாபகம் இல்லையே. அதைச் சொல்லு. நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன மாசம் மொட்டை மாடிக் குழாயை மூடாம விட்டுட்ட. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சாம்பாருக்கு... சரி, அதை விடு. சனிக்கிழமை ஞாபக மறதி டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கியிருக்கேன்.

அம்மா: ஓ. அதுவும் நடந்தாச்சா?

மகன்: சும்மா ஒரு டெஸ்ட்தான். கடிகாரம் வரையச் சொல்வாங்க, கிழமை கேப்பாங்க.

அம்மா: உன் கல்யாண நாளை ரெண்டு வருஷமா மறந்தியே, உன்னை எந்த டாக்டர்கிட்டடா கூட்டிட்டுப் போனாங்க?

மகன்: நான் மறந்தா சண்டை வரும். நீ மறந்தா மண்டை உடையுது. அதான் வித்தியாசம். லேத்துல கட்டையைக் கவ்விப் பிடிக்குதே நாலு பல்லு...

அம்மா: சக். பேரைச் சொல்லேன், வாய் வலிக்காது.

மகன்: சக்கோ கிக்கோ. அதைத் திருகி இறுக்கற சாவியை அதுலயே குத்தி விட்டுட்டு சுவிட்சைப் போட்டிருக்க. சாவி சும்மா இருக்குமா? பறந்து வந்து மூஞ்சியில அடிச்சிருக்கு. சின்னப் புள்ளகூட செய்யாது.

அம்மா: சாவியை அதுல விட்டது நான் இல்ல.

மகன்: பின்ன யாரு, எலியா?

அம்மா: சுவத்துல அந்தப் பலகையைப் பாரு. படி.

மகன்: அம்மா...

அம்மா: படிடா.

மகன்: உளி ஏழு. சுத்தியல் ஒண்ணு. அளவுக் கவை ரெண்டு. சக் சாவி ஒண்ணு. மொத்தம் பதினொண்ணு. சனிக்கிழமை. இதுல என்ன?

அம்மா: ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது எண்ணுவேன். எண்ணி எழுதிட்டுத்தான் பூட்டுவேன். தியேட்டர்ல வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி பஞ்சு எத்தனை, கத்தரி எத்தனைன்னு எண்ணிச் சொல்றது என் வேலை. பெரிய பெரிய சர்ஜன் எல்லாம் நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு துண்டுப் பஞ்சு உள்ள நின்னதில்ல. சனிக்கிழமை அந்தச் சாவி ஆணியில தொங்கிச்சு. நான் எண்ணினேன்.

மகன்: யானைக்கும் அடி சறுக்கும்மா.

அம்மா: சறுக்கும். சறுக்கின யானை எதுன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன். திறக்கும்போதும் ஒரு தடவை எண்ணியிருக்கணும். பூட்டினது நான்தானேன்னு எண்ணாம சுவிட்சைப் போட்டேன். அது என் தப்பு. அந்தத் தப்புக்கு அஞ்சு தையல் சரிதான். மத்ததை என் தலையில கட்டாத.

மருமகள்: அத்தை, டீ. மாத்திரையும் கொண்டாந்திருக்கேன். என்ன, கோர்ட்டு ஆரம்பிச்சாச்சா?

அம்மா: வாம்மா. நீயும் உக்காரு. உன் வீட்டுக்காரன் எனக்கு மூளை கழண்டுடுச்சுன்னு தீர்ப்பு எழுதிட்டிருக்கான்.

மகன்: நான் அப்படிச் சொல்லல. நீயே சொல்லு, அம்மா இதை வச்சுக்கிட்டிருந்தா உனக்கு ஆபீஸ்ல வேலை ஓடுமா?

மருமகள்: எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை. பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கு அவ்வளவு ரத்தம்.

அம்மா: பயப்படு, தப்பில்ல. ஏண்டா, லேத்தை வாங்கறாரே ஒருத்தர், யாரு அது?

மகன்: ஒரு கடைசல்காரர். வீட்டுலயே பட்டறை வச்சிருக்காரு. தெரிஞ்சவங்க மூலமா வந்தாரு.

அம்மா: அவர்கிட்ட எப்ப பேசின?

மகன்: திங்கக்கிழமை. உன்னை உள்ள தையல் போடக் கூட்டிட்டுப் போனாங்களே, அப்ப.

மருமகள்: அப்பவா? நீங்க என் பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க. போனை எடுக்கவே இல்லையே. உங்க போன்ல சார்ஜே இல்லைன்னீங்களே...

மகன்: அப்ப இல்லன்னா, சாயங்காலம். எந்த நேரம்னு யாரு குறிச்சு வச்சா?

அம்மா: வந்து பாக்காமயா வாங்கறாரு?

மகன்: போட்டோ அனுப்பினேன்.

அம்மா: மெஷினை ஓட்டிப் பாக்காம, சக்கைப் பிடிச்சு ஆட்டிப் பாக்காம, வெறும் போட்டோவைப் பாத்து லேத் வாங்கற கடைசல்காரரு. நல்ல மனுஷன்தான்.

மகன்: எதுக்கு இப்படிக் குடையற?

அம்மா: இந்தாம்மா, இந்தக் கிண்ணத்தைக் கையில பிடி. அடியைத் திருப்பு. பென்சில் கோடு ஒண்ணு தெரியுதா?

மருமகள்: தெரியுது. சின்னதா.

அம்மா: சக்குல நாலு பல்லுக்கும் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நம்பர் வெட்டியிருக்கும். கிண்ணத்தைப் பாதியில கழட்டி மறுபடி மாட்டினா, அதே இடத்துல உக்காரணும். இல்லன்னா தள்ளாடும். அதனால எப்பவும் ஒண்ணாம் பல்லுக்கு நேரா ஒரு கோடு போடுவேன். எல்லாக் கிண்ணத்துக்கும் போடுவேன்.

மருமகள்: சரி.

அம்மா: திங்கக்கிழமை அடிபட்டதும் நீ சுவிட்சை அணைச்சுட்டு என்னை இழுத்துக்கிட்டு ஓடின. அப்புறம் யாரும் லேத்தைத் தொடல. நேத்து காலைலதான் நான் வந்து பாத்தேன். இந்தக் கிண்ணம் சக்குலயே இருந்துச்சு. கோடு மூணாம் பல்லுக்கு நேரா இருந்துச்சு.

மருமகள்: அப்படின்னா... யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க.

அம்மா: கோடு எதுக்குன்னு தெரியாம மாட்டியிருக்காங்க. இல்ல, அவசரத்துல மாட்டியிருக்காங்க. இறுக்கின சாவியை உருவாம, கிண்ணத்துக்குப் பின்னாடி அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க.

மகன்: ஒரு பென்சில் கோட்டை வச்சுக்கிட்டு...

அம்மா: ஷெட்டுக்குச் சாவி ரெண்டு. ஒண்ணு என் பையில இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு என்னோட வந்துச்சு. இன்னொண்ணு சமையல்கட்டு ஆணியில.

மருமகள்: ஞாயித்துக்கிழமை... ஏங்க, தலைவலி, நான் வரல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கன்னு படுத்துக்கிட்டீங்களே...

மகன்: எனக்கு நிஜமாவே தலைவலி. நான் அந்தச் சக்கைத் தொடக்கூட இல்ல.

அம்மா: நீ தொட்டேன்னு யாருடா சொன்னா?

மருமகள்: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையால்ல இருக்கு.

அம்மா: டீ ஆறுது. குடிச்சுட்டே சொல்லு.

மகன்: ...நான் தொடலம்மா. சத்தியமா. அவருதான் தொட்டாரு.

அம்மா: யாரு?

மகன்: கடைசல்காரரு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். நீ இருந்தா விட மாட்ட. அதான் நீங்க இல்லாத நேரமா... அவரு ஓட்டிப் பாத்தாரு. கிண்ணத்தைக் கழட்டி, பல்லு தேஞ்சிருக்கான்னு பாத்தாரு. திருப்பி மாட்டிக்கிட்டிருக்கும்போது இவ போன் பண்ணிட்டா, சாப்பாடு முடிஞ்சுது, கிளம்பிட்டோம்னு. நான்தான் போதும் போதும்னு அவரைக் கிளப்பினேன். பாதி இறுக்கினபடியே எழுந்து போனாரு. சாவியை எடுத்தாரான்னு நான் பாக்கல.

மருமகள்: மூணு நாளா இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா அத்தைக்கு டோக்கன் வாங்கினீங்க?

மகன்: முதல்ல எனக்கே தோணலடி. ஆஸ்பத்திரியில அம்மாவே சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன் போலன்னு. அப்புறம்தான் பளிச்சுன்னு... சொல்லணும்னுதான் இருந்தேன்.

அம்மா: சொல்லியிருக்கலாமே.

மகன்: பயம்மா.

அம்மா: பயம் இல்லடா. உனக்கு அது வசதியா இருந்துச்சு. கிழவிக்கு ஞாபகம் போச்சுன்னா லேத்தும் போயிடும், நீ ஆளைக் கூட்டிட்டு வந்ததும் வெளிய வராது.

மகன்: அப்படி எல்லாம் கணக்குப் போடலம்மா. நீ இருமும்போது மரத்தூள்தானே காரணம்னு பயம், சத்தம் கேட்டா பயம். எப்படியாவது இது வீட்டை விட்டுப் போனாப் போதும்னு இருந்தேன்.

அம்மா: தூளுக்கு மாஸ்க் இருக்கு. சத்தத்துக்குக் கதவு இருக்கு. நான் ரெண்டு ராத்திரி தூங்கலையே, அதுக்கு என்ன இருக்கு? திங்கக்கிழமை ராத்திரி கேஸை மூடினேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பாத்தேன். செவ்வாக்கிழமை ராத்திரி என்கூட வேலை பாத்த நர்ஸுங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்தேன். ஒரு பேரு வரல. விடிய விடிய அந்த ஒரு பேரு வரல. சரி, முடிஞ்சுதுடி உன் கதைன்னு அழுதேன். நான் அழுது நீ பாத்திருக்கியாடா? உங்கப்பா போனப்பகூட ஆஸ்பத்திரி பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் அழுதேன். என் மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு. அடியைத் தாங்கிக்கலாம், அதைத் தாங்க முடியல.

மருமகள்: அத்தை...

அம்மா: விடும்மா. இப்ப அழல.

மகன்: தப்புதான்மா. பெரிய தப்பு. என்னை ரெண்டு அறை அறைஞ்சுடு.

அம்மா: இது உளி பிடிக்கற கை. உன் கன்னத்துல வீணாக்க மாட்டேன்.

மருமகள்: அந்தச் சனிக்கிழமை டோக்கனை என்ன பண்ணப் போறீங்க?

அம்மா: போலாம். நான் வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன், இவன் உள்ள போகட்டும். ஞாயித்துக்கிழமை நடந்ததை வியாழக்கிழமை வரைக்கும் மறந்தவன் இவன்தானே.

மகன்: நல்லா கிண்டல் பண்ணு. ஆனா... அப்ப நேத்தே உனக்கு எல்லாம் தெரியுமா?

அம்மா: காலைல கோட்டைப் பாத்ததும் பாதி தெரிஞ்சுது. மத்தியானம் மீதி தெரிஞ்சுது. அந்தக் கடைசல்காரரே போன் பண்ணினாரு.

மகன்: உனக்கா? நம்பர் எப்படி...

அம்மா: கேட்ல நம்பரோட எழுதித்தானே போட்டிருக்கேன், கிண்ணம் கடைந்து தரப்படும்னு. போகும்போது குறிச்சுக்கிட்டாராம். அக்கா, அந்தச் சாவியை உருவினேனா இல்லையான்னு மூணு நாளா மனசை உறுத்துது, ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்கன்னாரு. முன்ன பின்ன தெரியாத மனுஷனுக்கு உறுத்தியிருக்கு பாரு.

மகன்: ...அடி பட்டதைச் சொன்னியா?

அம்மா: சொன்னேன். மன்னிச்சுடுங்கக்கான்னு விடாம சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான்தான் சமாதானம் பண்ணினேன்.

மகன்: சரிம்மா. போதும். நான் இப்பவே அவருக்குப் போன் பண்ணி வண்டி வேணாம்னு சொல்லிடறேன். லேத் இங்கயே இருக்கட்டும். நான் இனி வாயைத் திறக்கல.

அம்மா: போனைக் கீழ வை. வண்டி வரட்டும்னு சொன்னேன்ல?

மருமகள்: அத்தை, இவரு மேல இருக்கற கோவத்துல குடுத்துடாதீங்க. நான் சொல்றேன், இது இருக்கட்டும்.

மகன்: ஆமாம்மா. வீம்புக்குச் செய்யாத. உனக்கு இது இல்லாம முடியாதுன்னு எனக்கே தெரியுது.

அம்மா: வீம்பும் இல்ல, கோவமும் இல்ல. அந்தக் கடைசல்காரர் வீடு மாறறாராம். புது வீட்டுக்குள்ள அவரோட லேத் நுழையாதாம், அதான் சின்னதா ஒண்ணு தேடி இங்க வந்திருக்காரு. நேத்து போன்லயே கேட்டேன், மாத்திக்கலாமான்னு. உடனே சரின்னுட்டாரு. நாளைக்கு எட்டு மணிக்கு என்னோடதை ஏத்திக்கிட்டு அவரோடதை இங்க இறக்கப் போறாரு. இதைவிட ரெண்டு மடங்கு பெருசு, இடம் பத்தாது. போய் முதல்ல உன் பைக்கை ஷெட்டை விட்டு வெளிய எடு.