ஓனர் வரலையா?

தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மெக்கானிக்கும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓனருங்க கூட்டம்னு ஆசையா மொத தபா போனேன். கேட்ல ஒருத்தன் என் கையில கீற கிரீஸைப் பாத்து, 'ஓனர் வரலையா? டிரைவருக்கெல்லாம் டிபன் பின்னாடி'ன்றான். இனிமே போவ மாட்டேன்."

"ஆறு வருசம் நீயே தட்டி நிமித்துன நம்ம வண்டிய்யா! இன்னா சொன்ன அவன்கிட்ட?"

"பின்னாடி போய்த் துன்னேன்."

"அடுத்த கூட்டத்துக்கும் போறோம். வண்டில ரெண்டு சீட்டுதானே, இன்னொண்ணுல நான் குந்திகினு வரேன். எவனாச்சும் ஓனர் எங்கன்னு கேட்டா என்னைக் காட்டு. ஆர்.சி. புக்கு என் பேர்லதான் கீது."

"அப்போ நானு?"

"நீ டிரைவர்தான்யா. ஆனா முன்னாடி குந்தி துன்ற டிரைவர்."