அலகு குத்திய பதினேழு பேர்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்துவது நான்தான். யாரும் படுக்கவில்லை. சாமி பார்க்க நிற்கிற கூட்டம் எதற்குப் படுக்கும்? நான் எல்லையில் பதினெட்டு வருஷம் இருந்தவன். நான் மட்டும் மண்ணில் முகம் பதிய விழுந்து கிடக்கிறேன்.

முதலில் ஒரு 'டொம்'. அது சரியான சத்தம். வாணம் அப்படித்தான் கிளம்பும். அடுத்தது 'டொம்' இல்லை. இரும்பு கிழிகிற சத்தம். பிறகு என் தலைக்கு மேலே ஒரு விசில். அந்த விசில் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை. காலை பதினொன்று பத்து. முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். பங்குனிப் பொங்கல். அம்மனுக்குக் காப்புக் கட்டி எட்டாம் நாள். பால்குடம் கோயிலுக்குள் நுழையும்போது வாணம் விடுவார்கள். இரும்புக் குழாயைப் பாதி மண்ணில் புதைத்து, உள்ளே வெடியைப் போட்டுத் திரியைக் கொளுத்துவார்கள். குழாய் பழசு. அதுவே வெடித்துவிட்டது.

எழுந்து பார்க்கிறேன். வேப்பமரத்தடியில் என் தம்பி முருகேசன் உட்கார்ந்திருக்கிறான். நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவன். அண்டா கவிழ்ந்து கிடக்கிறது. வெள்ளையாக ஓடி வந்த மோர் அவன் காலடியில் சிவப்பாகிறது.

"அண்ணே, காலு மரத்துப்போச்சுண்ணே."

துண்டை உருவித் தொடைக்கு மேலே கட்டினேன். கம்பை வைத்து முறுக்கினேன். ராணுவத்தில் சொல்லிக்கொடுத்தது. ஆனால் இரும்புச் சில்லு ஏறியிருந்தது அடிவயிறும் தொடையும் சேர்கிற இடத்தில். துண்டு பிடிக்கிற இடம் இல்லை அது. முஷ்டியை மடக்கி அழுத்தினேன். யாரோ மஞ்சள் பொடியோடு ஓடி வந்தார்கள்.

"மஞ்சள போடாதீங்க! தள்ளுங்க! வண்டிய எடுங்கடா!"

லோடு வண்டியில் ராமநாதபுரம் வரைக்கும் முஷ்டியை எடுக்கவில்லை. அவன் தலை அவன் மனைவி செல்வியின் மடியில். பங்குனி வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது. அவன் குளிருகிறது என்கிறான். குளிருகிறது என்றால் ரத்தம் நிறையப் போய்விட்டது என்று அர்த்தம். செல்வியிடம் நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். ஓ பாசிட்டிவ், கையில் இரண்டு பைதான் இருக்கிறது, உடனே ஏற்றுகிறோம் என்றார். ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு பையாவது வேண்டும். முந்தின நாள் பஸ் விபத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. சிவகங்கைக்குச் சொல்லியிருக்கிறோம், அதற்குள் ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

ஆளுக்கா பஞ்சம்? எனக்கு ஒரு திமிரே வந்தது. என் வயிற்றில் குண்டுச்சில் பாய்ந்த அன்று, ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு வெளியே ஆறு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். யார் எந்த மொழி என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் ரத்தத்தில்தான் கண் விழித்தேன். அந்நிய ஊரில், பனியில் ஆறு பேர் கிடைத்தார்கள். சொந்த ஊரில் கிடைக்கமாட்டார்களா?

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பா மகன் ராசு எடுத்தான்.

"ஏலே ராசு, ஓ பாசிட்டிவ் ரத்தம் வேணும். நல்ல தாட்டியமான பயலுகளாப் பாத்து ஏத்திட்டு வா. சீக்கிரம்!"

ஒன்று நாற்பதுக்கு வேன் வந்து நின்றது. பதினேழு பேர் இறங்கினார்கள். மஞ்சள் வேட்டி. கையில் காப்பு. காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டி வந்திருந்தார்கள். "ஆத்தா கேட்டா நாங்க பதில் சொல்லிக்கிறோம்ணே" என்றான் ராசு. எனக்கு அழுகை வந்துவிட்டது. முருகேசன் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

ரத்த வங்கியில் இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். முதல் ஆளின் முகத்தை. இரண்டாம் ஆளின் முகத்தை. வரிசையின் கடைசி வரைக்கும். ஒவ்வொருவன் கன்னத்திலும் இரண்டு பக்கமும் திருநீறு அப்பியிருந்தது.

"அலகு குத்தியிருக்கீங்களா?"

காலை ஒன்பது மணிக்கு, ஊருணிக் கரையில் குத்தியது. பக்கத்தில் நின்று குலவைச் சத்தத்தோடு நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன். தாட்டியமான பயல்கள்தானே அலகு குத்துவார்கள். வேறு யாரைக் கூப்பிட்டேன் நான்?

"குத்தலக்கா" என்று ஒருவன் அவசரமாகத் திருநீற்றைத் துடைத்தான். துளையில் ரத்தம் கோத்து நின்றது.

ஒரே வேல் எத்தனை கன்னத்தில் ஏறியதோ, நோய் தொற்றியிருக்கலாம், குத்தினால் ஒரு வருஷம் ரத்தம் எடுக்கக் கூடாது என்றாள். தவிர ஒருவனும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ராசு மேஜையில் அடித்தான். நான் கத்தினேன்.

"நோயி பொறவு வரட்டும்! மொதல்ல அவன் உசுரோட இருக்கட்டும்!"

அவள் கண் கலங்கியது. மாட்டேன் என்றாள். அவள் சொன்னது சரி. இன்றைக்கும் அந்தச் சரியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். எனக்குச் சர்க்கரை உண்டு என்றதும், மாத்திரையா ஊசியா என்று கேட்டாள். ஊசி. என் பெயரையும் அடித்தாள்.

பதினேழு பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தனும் எருமைக்கன்று மாதிரி இருக்கிறான். உடம்பு நிறைய ரத்தம். ஒரு சொட்டு உதவாது.

செல்விதான் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, எங்கண்ணன் ஊர்ல இன்னும் காப்புக் கட்டலையே?"

திருவாடானைப் பக்கம் அவள் பிறந்த ஊர். அங்கே திருவிழா வைகாசியில். எனக்குத் தோன்றவே இல்லை. என் ஊர், என் பயல்கள் என்ற நினைப்பைத் தாண்டி மண்டை போகவில்லை. இரண்டு ஐந்துக்குப் போன் போட்டேன். அவள் அண்ணன் ஒன்பது பேரோடு மூன்று இருபதுக்கு வந்து இறங்கினான். எல்லாரும் சாப்பிட்டவர்கள். கன்னம் முழுசாக இருந்தவர்கள். சிவகங்கை ரத்தம் இன்னும் வந்து சேரவில்லை. நர்ஸ் மளமளவென்று பெயர் எழுதினாள்.

நாலாவது பெயர் எழுதும்போது, உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று முப்பது.

இவர்கள் முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதைவிட, பிழைத்திருக்க மாட்டான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

இழந்ததை எழுதிவைக்கிறேன். யாராவது படிக்கட்டும். என் தம்பி முருகேசன், வயது முப்பத்தாறு. வெடி போட்டவரின் வலது கையில் மூன்று விரல். கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணின் இடது கண். செல்விக்குப் புருஷன், அவள் இரண்டு பெண்களுக்கு அய்யா. வருஷா வருஷம் முதல் ஆளாக அலகு குத்துகிற ராசு இப்போது கோயில் பக்கம் வருவதில்லை. அவனையும் சேர்க்க வேண்டும்.

நான் ஊருக்குப் போன் போட்டது பன்னிரண்டு முப்பத்தைந்து. திருவாடானைக்குப் போட்டது இரண்டு ஐந்து. நடுவே ஒன்றரை மணி நேரம். அதைத் தொலைத்தவன் நான்.